ஊசி குத்தினால் மாணவி யாரிடம் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்து மருத்துவமனைகளுக்குப் பயிற்சிக்கு வரும் செவிலியர் மாணவிகளில் பலர், நோயாளிக்குப் போட்ட ஊசி தம் விரலில் குத்திவிட்டால் அதை யாரிடமும் சொல்வதில்லை என்பதை, வார்டுகளில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில் அறிவேன். இன்சுலின் போட்டு முடித்ததும் இடது கையில் மூடியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஊசியை அதற்குள் செருகும்போது, குறி தவறி ஆள்காட்டி விரலில் ஏறிவிடுகிறது. பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, வேறு கையுறை மாட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார்கள். சிஸ்டர் திட்டுவார், கல்லூரிக்குத் தெரிந்தால் பெயர் கெடும் என்ற பயம்தான் காரணம்.

மூடியைத் திரும்ப மாட்டக் கூடாது என்று வகுப்பில் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் ஊசி வெட்டும் கருவியும், பயன்படுத்திய ஊசிகளைப் போடும் வெள்ளைப் பெட்டியும் வார்டின் கோடியில், டியூட்டி அறையில் இருந்தால், நோயாளிகளின் உறவினர்கள் நெருக்கியடிக்கும் வழியில் திறந்த ஊசியோடு நடக்க அஞ்சும் மாணவி மூடியைத்தான் மாட்டுவாள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. பெட்டி ஊசி போடும் டிராலியிலேயே இருக்க வேண்டும், முக்கால் பங்கு நிறைந்ததும் மாற்றப்பட வேண்டும்.

குத்திய இடத்தைப் பிதுக்காமல் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, உடனே தெரிவித்தால், மருத்துவர் ஆலோசனையின்படி எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இயன்றவரை 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள்கள் உட்கொள்ளலாம். இதேபோல் ஊசி வழியே தொற்றக்கூடிய, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி நோய்க்குத் தடுப்பூசி இல்லை. எச்.ஐ.வி.யைவிடப் பன்மடங்கு எளிதில் தொற்றும் ஹெபடைடிஸ் பி நோய்க்கோ தடுப்பூசி இருக்கிறது. இருந்தும், 0, 1, 6 மாதங்கள் என்ற கணக்கில் மூன்று தவணையும் முடியுமுன்னரே மாணவிகளை ஊசி போட அனுப்புவது சரியன்று. உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016, கழிவைக் கையாளும் எல்லோருக்கும் இத்தடுப்பூசி போடும் பொறுப்பை மருத்துவமனையிடம் ஒப்படைத்துள்ளன. நடைமுறையில் மருத்துவமனை கல்லூரியைக் கைகாட்டும், கல்லூரி மருத்துவமனையைக் கைகாட்டும்.

ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்குச் சமுதாயப் பயிற்சிக்குச் செல்லும் மாணவியின் நிலை இன்னும் கடினம். உரிய மருந்துக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்கு இறங்க வேண்டியிருந்தால், அந்த முதல் 2 மணி நேரத்தில் பெரும்பகுதி வழியிலேயே போய்விடும். எனவே, யாருக்குத் தொலைபேசியில் சொல்வது, எந்த வண்டியில் வருவது, முதல் மாத்திரை எங்கே கிடைக்கும், செலவை யார் ஏற்பது ஆகியவற்றைக் கல்லூரியும் மாவட்டச் சுகாதாரத் துறையும் கலந்து முடிவுசெய்து, பயிற்சி தொடங்குமுன் ஒவ்வொரு மாணவியின் பதிவேட்டிலும் எழுதித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்,
அஸ்தம்பட்டி, சேலம்.