ரொட்டி காய்ந்திருக்க வேண்டும்

ஆசிரியருக்கு,

கிறிஸ்துமஸ் காலை உணவுக்காகத் தாங்கள் வெளியிட்ட, ரொட்டியை இரவே முட்டை கலந்த பாலில் ஊறவைத்துக் காலையில் ஓவனில் சுடும் பிரெஞ்சு டோஸ்ட் குறிப்பில், 'புது ரொட்டி' என்றிருப்பதைத் திருத்த வேண்டும். பெங்களூரு ஐயங்கார் பேக்கரி பால் ரொட்டி மெத்தென்றிருக்கும். அன்றே வாங்கி ஊறப்போட்டால் காலையில் களிதான் மிஞ்சும். முந்தைய நாள் வாங்கிய ரொட்டியைக் கனமாக வெட்டி, ஓவனில் 100 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் காயவையுங்கள். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு லேசாக வளைந்தும் கொடுத்தால் போதும்.

400 கிராம் ரொட்டிக்கு 6 முட்டை, அரை லிட்டர் நந்தினி பாக்கெட் பால், 80 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. காய்ச்சிய பால் நன்றாக ஆறியிருக்கட்டும், இல்லையென்றால் முட்டை திரிதிரியாகிவிடும். பட்டைத்தூளைச் சர்க்கரையோடு கலந்த பிறகே பாலில் சேருங்கள். தனியாகப் போட்டால் மேலே மிதக்கும். வெல்லம் வேண்டாம், அடுப்புச் சூட்டில் பால் திரிந்துபோகலாம்.

ரொட்டித் துண்டுகளைக் கண்ணாடித் தட்டில் அடுக்கி, இந்தக் கலவையை ஊற்றி, இரவு முழுக்க மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். படுக்கப் போகுமுன் ஒருமுறை துண்டுகளைத் திருப்பிவிட்டால் மேல்பக்கம் வறண்டிருக்காது. காலையில் அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகே ஓவனுக்குள். குறிப்பில் விட்டுப்போன ஆபத்து இதுதான்: சில்லிட்ட கண்ணாடித் தட்டு சூட்டில் விரிசல் விடும். 180 டிகிரி, ஃபாயில் மூடி 25 நிமிடம், திறந்து 15 முதல் 20 நிமிடம். நடுவில் கத்தி குத்தினால் பால் ஒட்டக்கூடாது. சிறிய ஓடிஜியில் (வீட்டு மின்சார ஓவன்) மேலே சூடாகும் கம்பி கிட்டத்தில் இருப்பதால் தட்டைக் கீழ் அடுக்கில் வைக்கவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பிரேசர் டவுன், பெங்களூரு