கயலுக்கு

கரூர்
ஞாயிறு காலை

அன்புள்ள கயலுக்கு,

இங்கே மழை இல்லை. செவலை கன்று போட்டிருக்கிறது, கிடேரி. நீ செல்போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டதாகத் தம்பி சொன்னான். அதனால்தான் கடிதம். எனக்குக் கோபமில்லை. அம்மாதான் ராத்திரி ஒன்பது மணியானால் போனைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ஆபீஸ் டியூப்லைட்டில் தலை பிளக்கிறது என்று நீ சொன்னபோது வளைகாப்பு வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். 32 வருஷம் வயரிங் வேலை பார்த்தவனுக்குத் தெரியாதா? நம் கரண்ட் நொடிக்கு 50 சைக்கிள். பழைய சோக் போட்ட டியூப் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். எலக்ட்ரானிக் சோக்கில் அது 20,000-க்கு மேலே போய்விடும், தொல்லையில்லை. 1989-இல் இங்கிலாந்து ஆபீஸ் ஒன்றில் எது எந்த விளக்கென்று சொல்லாமல் மாற்றிப் பார்த்தார்களாம். எலக்ட்ரானிக் சோக்கில் தலைவலியும் கண்வலியும் பாதிக்கு மேல் குறைந்ததாம். உன் ஆபீசில் என்ன சோக் என்று கேள்.

செல்போன் டவர் கதிரால்தான் வலிக்கிறது என்கிறாயே, அந்த விஷயம் வேறு, கண்ணு. வலி நிஜம்தான் என்று உலக சுகாதார நிறுவனமே 2005-இல் எழுதியிருக்கிறது. ஆனால் கதிர்தான் காரணம் என்பதற்கு ஆதாரமில்லை என்கிறார்கள். மறைத்து வைத்து ஆன், ஆஃப் செய்தபோது, வலிக்கிறது என்றவர்களாலேயே எப்போது அலை இருந்தது என்று சொல்ல முடியவில்லை. ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறாயாம். இருக்கட்டும், காற்று வர ஒரு பக்கம் விடு. ஒருதடவை நரம்பு டாக்டரைப் பார். ஆத்தாவும் வெளிச்சம் ஆகாமல் ஈரத்துணி கட்டி இருட்டில் கிடப்பாளே.

பெங்களூரில் தனியாக வீடெடுத்து இருக்கிறாள் என் மகள் என்று ஊரெல்லாம் சொன்னவன் நான். இப்போது கேட்பவர்களுக்கு என்ன சொல்ல?

ஏழாவது படிக்கும்போது, "அப்பா, லைட்டு ஆடுது" என்றாய். படிக்கச் சோம்பல் என்று அறைந்தேன். அந்த டியூபின் முனை இரண்டும் கறுத்துப்போயிருந்தது எனக்குத் தெரியும். அடுத்தவர் வீடென்றால் அன்றைக்கே மாற்றியிருப்பேன், கூலி வருமே. நம் வீட்டில் இன்னும் எட்டு மாசம் எரிந்தது. நீ அப்புறம் சொல்லவேயில்லை. கொசுக்கடியோடு வாசல் பல்புக்கு அடியில் உட்கார்ந்து படித்தாய். அதையும் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

உன் அறை டியூபைக் கழற்றிவிட்டேன். என் பழைய பெட்டியில் 60 வாட்ஸ் குண்டு பல்பு இரண்டு கிடந்தது. ஒன்றை மாட்டியிருக்கிறேன்.

நரம்பு டாக்டரை மறந்துவிடாதே. சாப்பிடு.

அப்பா