ஒரே பெயர், இரண்டு மருந்து

மட்டக்களப்பு

அன்பின் ரவி மச்சானுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். அக்கரைப்பற்றுப் பக்கம் விதைப்பு முடிந்திருக்குமே, மழை எப்படி?

மார்பகப் புற்றுநோய் ஈரலுக்குப் பரவியபின், ட்ராஸ்டுசுமாப் பலிக்காத இடத்தில் ட்ராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் எப்படிப் பலிக்கிறது என்று கேட்டிருந்தாய். பழையது, கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஹெர்2 என்ற புரதத்தைப் பற்றும் பிறபொருளெதிரி. புதியது, அதே பிறபொருளெதிரியில் நச்சு மூலக்கூறுகளைக் கோத்த மருந்து. 1889இல் ஸ்டீபன் பேஜட் என்ற அறுவை மருத்துவர் சொன்ன ‘விதையும் மண்ணும்’ என்ற கருத்துத்தான் தொடக்கம். கட்டியிலிருந்து கழன்ற கலங்களில் பெரும்பாலானவை இரத்தத்திலேயே செத்துவிடும். ஏற்ற மண்ணில் விழுந்தவையே முளைக்கும். முளைத்த கட்டிக்குள்ளும் ஒரு கலத்தில் ஹெர்2 நிறைய இருக்கும், பக்கத்துக் கலத்தில் சொற்பமே இருக்கும்.

பிறபொருளெதிரி ஏறத்தாழ 150 கிலோடால்டன் எடையுள்ள பெரிய மூலக்கூறு. குருதிக்குழாயை விட்டு மெதுவாகத்தான் வெளியே வரும். ஹெர்2மேல் அதன் பற்று மிக இறுக்கமானால் குழாயை ஒட்டிய கலங்களிலேயே சிக்கிவிடும், கட்டியின் உட்பகுதிக்குப் போய்ச் சேராது. பற்றைக் கூட்டிக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கையில்லாதது இதனால்தான்.

புதிய மருந்தில் ஒரு பிறபொருளெதிரிக்குச் சுமார் 8 நச்சு மூலக்கூறுகள். கலத்துக்குள் போனதும் நச்சைக் கோத்த இணைப்பு வெட்டுப்படும். விடுபட்ட நச்சு சவ்வைக் கடந்து, ஹெர்2 குறைந்த அயல் கலத்தையும் கொல்லும். இதற்கு முந்திய, நச்சு கோத்த ட்ராஸ்டுசுமாப்பான டி-டிஎம்1இல் சராசரி 3.5தான், இணைப்பும் வெட்டுப்படாது. அதனால் அயல் கலம் பெரும்பாலும் தப்பிவிடும்.

கலக்கும்போது மிகக் கவனம், மச்சான். புதிய மருந்தின் 100 மி.கி. குப்பிக்கு ஊசிநீர் 5 மி.லீ. விட்டு மெல்லச் சுழற்று. குலுக்கினால் புரதம் திரண்டுவிடும். பிறகு 100 மி.லீ. 5% டெக்ஸ்ட்ரோஸ் பையில் சேர். சேலைன் கூடவே கூடாது. பழைய ட்ராஸ்டுசுமாப்புக்கு இது தலைகீழ்: 250 மி.லீ. சேலைன், டெக்ஸ்ட்ரோஸ் ஆகாது. அளவும் வேறு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கையில் பழையது முதல் தடவை கிலோவுக்கு 8 மி.கி., பிறகு 6. புதியது மார்பகப் புற்றுக்கு 5.4. பெயரின் முதற்பாதி ஒன்றே என்பதால் அவசரத்தில் மருந்து மாறிவிடலாம். லேபிளில் முழுப் பெயரையும் எழுதவை, இரண்டையும் வேறு தட்டில் வை. புதிய மருந்தின் பையை வெளிச்சம் படாமல் மூடு, குழாயில் 0.2 மைக்ரோன் வடி போடு. முதல் தடவை 90 நிமிடம் ஏற்ற வேண்டும், தாங்கினால் அடுத்தது 30.

புதிய மருந்தில் எனக்குப் பெரிய பயம் நுரையீரல் அழற்சிதான். புதிய வறட்டு இருமலோ மூச்சு வாங்கலோ வந்தால் ‘தடிமன்’ என்று விட்டுவிடாதே, மருந்தை நிறுத்தி சீடீ ஸ்கேன் எடுக்கச் சொல். படத்தில் மட்டும் தெரிந்தால் ஆறும்வரை நிறுத்தலாம். அறிகுறியோடு வந்தால் ஸ்டீரொய்ட் தொடங்கி, இந்த மருந்தை நிரந்தரமாகவே விட வேண்டும். கிளினிக் தாதிமாருக்கும் இதைச் சொல்லிவை.

உங்கள் லேபிள் மாதிரி ஒன்றை அடுத்த கடிதத்தோடு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். வீட்டாருக்கு என் அன்பு.

அன்புடன்,
சிவா