ஜெராக்ஸா, பீரோ சாவியா?

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், அதுதான் பதில் போட முடியவில்லை. இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது. அதில் எங்களுக்குத்தான் கஷ்டம்: ஃபேன் இறக்கையில் இருக்கிற தூசி வரைக்கும் கண்ணில் பட்டு, தினமும் காலையில் எனக்கு அர்ச்சனை நடக்கிறது. உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறி கிளாஸ் எடுக்கிறாயா, இல்லை கீழ்த்தளத்திலேயே கேட்டு வாங்கிக்கொண்டாயா?

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஏடா என்கிற ப்ரோகிராம் மொழியில் ஒரு ரெக்கார்டை (பல தகவல்களை ஒன்றாகக் கட்டிய பொருளை) ஒரு ப்ரொசீஜருக்கு (அழைத்தால் ஓடும் துணை ப்ரோகிராமுக்கு) ‘இன் அவுட்’ என்று போட்டு அனுப்பினால் அது கால் பை ரெஃபரன்ஸ்தானே என்று ஒரு மாணவி கேட்டாள், ஆமாம் என்று சொல்லிவிட்டேன், ராத்திரி படுத்தபிறகு சந்தேகம் வந்தது என்று எழுதியிருந்தாய். நியாயமான சந்தேகம். ஆமாம் என்பதும் தப்பு, இல்லை என்பதும் தப்பு. நாம் படித்த காலத்தில் கால் பை வேல்யூ (மதிப்பை நகலெடுத்து அனுப்புவது), கால் பை ரெஃபரன்ஸ் (அசல் இருக்கும் முகவரியை அனுப்புவது) வேறுபாடு என்பது ரெண்டு மார்க் கேள்வி. நடுவில் கோடு போட்டு இந்தப் பக்கம் நாலு வரி, அந்தப் பக்கம் நாலு வரி எழுதினால் முடிந்தது. எதை எடுப்பது என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

ஏடாவில் நீ எழுதும் இன், அவுட், இன் அவுட் எல்லாம் நோக்கத்தைத்தான் சொல்கின்றன: படிக்க மட்டும், எழுதி அனுப்ப, படித்துத் திருத்த. எப்படி அனுப்புவது என்பது வேறு கணக்கு. ஒரு பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதா, பத்திரம் இருக்கிற பீரோ சாவியைக் கொடுப்பதா என்பது மாதிரி. ஜெராக்ஸில் திருத்தம் செய்து, வேலை முடிந்ததும் அதைப் பார்த்து அசலில் ஏற்றினாலும் அது இன் அவுட்தான். பீரோவைத் திறந்து அசலிலேயே கை வைத்தாலும் இன் அவுட்தான்.

மொழியின் விதி மூன்று கூறாகப் பிரிகிறது. முழு எண், மிதவைப் புள்ளி எண், பாயிண்டர் (ஒரு முகவரியை வைத்திருக்கும் மாறி) போன்றவை எப்போதும் ஜெராக்ஸ். இன் அவுட் ஆனாலும் உள்ளே போகும்போது ஒரு நகல், திரும்பும்போது ஒரு நகல். டாஸ்க் (மற்றவற்றோடு இணையாக ஓடும் வேலை), 1995 பதிப்பில் வந்த ப்ரொடெக்டட் வகை (பல டாஸ்க் பத்திரமாகப் பகிர்ந்துகொள்ளும் தரவு), டேக்டு ரெக்கார்டு (தன் வகையின் அடையாளத்தைக் கூடவே சுமக்கும் ரெக்கார்டு) ஆகியவை எப்போதும் சாவி. டாஸ்க்கை எங்கே போய் நகலெடுப்பது! மீதி இருக்கிற சாதாரண ரெக்கார்டும் அரேயும்தான் நாம் தினமும் புழங்குகிறவை. அவற்றை, நாம் எழுதியதை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் தன் இஷ்டப்படி செய்துகொள்ளலாம்.

கம்பைலர் அதற்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவதில்லை. பொருளின் அளவு, அலைன்மென்ட் (நினைவகத்தில் அது எந்த எல்லையில் தொடங்க வேண்டும் என்பது), அந்த மெஷினின் அழைப்பு மரபு (எதை எங்கே வைத்து அனுப்புவது என்ற ஏற்பாடு) எல்லாவற்றையும் பார்க்கிறது. லினக்ஸ் ஓடும் 64 பிட் இன்டெல் மெஷினை எடுத்துக்கொள். முழு எண்ணோ முகவரியோ, முதல் ஆறு பாராமீட்டர் (அனுப்பும் பொருள்) ரெஜிஸ்டரில், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்னப் பெட்டிகளில் போகும். எட்டு பைட் ரெக்கார்டு என்றால் ஒரே ரெஜிஸ்டரில் அடங்கிவிடும். அதற்கு முகவரி கொடுத்து, அப்புறம் அந்த முகவரியில் போய் எடுப்பது வீண் நடை. அதுவே நாலாயிரம் பைட் என்றால் ஒவ்வொரு அழைப்புக்கும் நகலெடுப்பது பைத்தியக்காரத்தனம். ஸ்ட்ரிங் மாதிரி எல்லை தெரியாத அரேக்கு ஜிநாட் என்கிற ஏடா கம்பைலர் ஒரு வேலை செய்கிறது: எழுத்துகள் இருக்கும் இடத்தின் முகவரி ஒன்று, முதல் கடைசி எண்கள் இருக்கும் இடத்தின் முகவரி ஒன்று, இரண்டையும் சேர்த்து ஒரு தடித்த பாயிண்டராக அனுப்புகிறது. எனக்கு இன்னும் பிடித்தது இது: ஒரு ப்ரொசீஜரில் முழு எண் அவுட் பாராமீட்டர் இருந்தால், அதைச் சத்தமில்லாமல் மதிப்பைத் திருப்பித் தரும் ஃபங்ஷனாக மாற்றிவிடுகிறது. இரண்டு மூன்று இருந்தால் எல்லாவற்றையும் ஒரு ரெக்கார்டில் கட்டித் திருப்புகிறது. நீ எழுதியது ப்ரொசீஜர், ஓடுவது ஃபங்ஷன்.

இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் தெரிந்ததல்ல. முன்பு வேலை பார்த்த இடத்தில் பட்டுத் தெரிந்துகொண்டது. எந்த இடம் என்று உனக்குத் தெரியும், எழுத வேண்டாம். அங்கே சென்சார் அளவீட்டுக்கு ஒரு ரெக்கார்டு இருந்தது. வேகம், உயரம் என்று தலா நாலு பைட்டில் இரண்டு எண்கள். அதைத் திருத்துகிற ப்ரொசீஜருக்கு இரண்டு பாராமீட்டர்: ‘பழையது’ இன், ‘புதியது’ இன் அவுட். உள்ளே முதல் வரியில், பழைய வேகத்தோடு திருத்தத்தைக் கூட்டிப் புதிய வேகத்தில் வைப்பார்கள். இரண்டாம் வரியில், புதிய வேகத்திலிருந்து பழைய வேகத்தைக் கழித்து ‘மாற்றம்’ என்று எழுதுவார்கள். பார்க்க ஒரு வில்லங்கமும் இல்லை. ஆனால் அழைத்த புண்ணியவான் இரண்டு இடத்திலும் ஒரே மாறியைக் கொடுத்திருந்தான்.

வருஷக்கணக்காக ஓடியது. வேகம் 40, திருத்தம் 5 என்றால் மாற்றம் 5 என்று சரியாக வரும். ஒருநாள் யாரோ அந்த ரெக்கார்டில் நேரமுத்திரையும் இன்னும் சில ஃபீல்டுகளும் சேர்த்தார்கள். இந்த ப்ரொசீஜரை ஒருவரும் தொடவில்லை. அடுத்த ரிலீஸில் திரை முழுக்க மாற்றம் 0, 0, 0. இரண்டு ராத்திரி சென்சாரைச் சந்தேகப்பட்டேன், ஒயரைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் என்னையே சந்தேகப்பட்டேன். மூன்றாம் நாள் டீபக்கரில் அசெம்பிளியை (மெஷின் கட்டளைகளை) திறந்து அழைப்பு நடக்கும் வரியில் நிறுத்திப் பார்த்தால், ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ இரண்டு ரெஜிஸ்டரிலும் ஒரே முகவரி! கடைசி எழுத்து வரைக்கும் ஒன்று. பழைய பில்டில் அதே இடத்தில் முகவரியே இல்லை, ரெக்கார்டின் எட்டு பைட்டும் அப்படியே ரெஜிஸ்டருக்குள் உட்கார்ந்திருந்தது. ரெக்கார்டு பெருத்ததும் கம்பைலர் ஜெராக்ஸை விட்டுச் சாவிக்கு மாறிவிட்டது. முதல் வரி புதியதை 45 ஆக்கியபோதே பழையதும் 45 ஆகிவிட்டது. 45-இல் 45 போனால் என்ன வரும்?

கம்பைலர் பக்குதான் என்று எங்கள் லீட் சண்டைக்குக் கிளம்பினார். நான்தான் விதிப்புத்தகத்தைக் காட்டி உட்கார வைத்தேன். 1983 ஏடாவில், எப்படி அனுப்பப்படுகிறது என்பதை நம்பி எழுதிய ப்ரோகிராமே பிழையானது, என்ன நடந்தாலும் கேட்காதே என்ற கதைதான். 1995-இல் கொஞ்சம் இரங்கி, தவறுக்கு எல்லை கட்டினார்கள். ஒரு பெயர் வழியாக எழுதி, இன்னொரு பெயர் வழியாக அதே பொருளைப் படித்தால் மூன்றில் ஒன்று நடக்கலாம்: புதிய மதிப்பு வரும், பழைய மதிப்பு வரும், அல்லது ப்ரோகிராம் எரர் என்ற எக்ஸெப்ஷன் எழும். மூன்றும் சட்டப்படி சரி. எங்களுக்கு முதலில் ஒன்று, அப்புறம் இன்னொன்று.

தீர்வு ஒரே வரி. ப்ரொசீஜரின் தலையிலேயே பழைய வேகத்தை ஒரு மாறிலியில் எடுத்து வைத்துக்கொண்டு, கழிக்கும்போது அதைக் கழித்தேன். ரெக்கார்டையே டேக்டு ஆக்கிவிடலாம் என்றான் ஒரு பையன். அப்படிச் செய்தால் எப்போதும் சாவி என்பது உறுதியாகும், ஆனால் எங்கள் 0-வும் உறுதியாகிவிடுமே! 2012 பதிப்பில் ஒரே மாறியை இரண்டு அவுட் அல்லது இன் அவுட் இடத்தில் கொடுத்தால் கம்பைலரே தடுக்கும். ஆனால் அது எண்கள் மாதிரியான எளிய வகைகளுக்குத்தான். ரெக்கார்டுக்கு நாம்தான் கண்ணை விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இவ்வளவு வம்பு எதற்கு, சி++ மாதிரி எழுதுகிறவனே முடிவு செய்துவிட்டுப் போகட்டுமே என்று நீ கேட்பாய். நானும் பல நாள் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அந்தப் பக்கம் அவ்வளவாக இல்லை. சி++ குழுவில் ஒவ்வொரு கோடு ரிவ்யூவிலும் இங்கே ரெஃபரன்ஸ் போடு, அங்கே எடு என்று நேரம் போவதைப் பார்த்துவிட்டேன். அளவு பார்த்துத் தீர்மானிக்கிற வேலை கம்பைலருக்கு என்னைவிட நன்றாக வரும். ஆனால் அந்த முடிவை எங்கேயாவது கண்ணில் படும்படி எழுதி வைக்கலாம் என்பது என் குறை. ஜிநாட்டில் அதற்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது, ‘ஜிநாட் ஆர் எம்’ என்று. ஒவ்வொரு பாராமீட்டரும் நகலா முகவரியா என்று பட்டியல் போட்டுத் தரும். உன் லேபில் அந்த மாணவியை விட்டே ஓட்டச் சொல். எட்டு பைட் ரெக்கார்டில் ஒருமுறை, அதே ரெக்கார்டில் பத்து ஃபீல்டு சேர்த்து இன்னொருமுறை. நீ போர்டில் எழுதிச் சொல்வதைவிட அது சுருக்காகப் புரியும்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், நாலு நாள் இருப்பேன். அதற்குள் உன் செமஸ்டர் பேப்பர் திருத்தி முடித்துவிடு. வேகம் 40, திருத்தம் 5 என்ற என் கணக்கைக் கேள்வித்தாளில் போட்டால், 5 என்று எழுதியவனுக்கும் மார்க் போடு, 0 என்று எழுதியவனுக்கும் போடு. ப்ரோகிராம் எரர் வரலாம் என்று யாராவது எழுதியிருந்தால் மட்டும் ராத்திரி எத்தனை மணியானாலும் எனக்குப் போன் பண்ணு.

உன்,
பழைய ரூம்மேட்