உயரமான அரசு அலுவலகக் கட்டடங்களில் திறக்கக்கூடிய ஜன்னல்கள் அமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற அரசு ஊழியர்,
அடையாறு, சென்னை – 600 020.

பெறுநர்
உயர்திரு முதன்மைத் தலைமைப் பொறியாளர் அவர்கள்,
பொதுப்பணித் துறை,
சேப்பாக்கம், சென்னை – 600 005.

பொருள்: சென்னையில் புதிதாகக் கட்டப்படும் பல மாடி அரசு அலுவலகங்களில் இயற்கைக் காற்றோட்டத்துக்கு வழி செய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பணிக்காலத்தின் கடைசிச் சில ஆண்டுகளை நான் கழித்தது ஒரு பல மாடிக் கட்டடத்தின் எட்டாவது தளத்தில். முகப்பு முழுக்க அடைத்த கண்ணாடி. திறக்க ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் விளக்குக்கும்தான், ஏசி ஓடாது. கொஞ்ச நேரத்திலேயே புழுங்க ஆரம்பித்துவிடும். மனு கொடுக்க வந்த பெரியவர்கள் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். கடல் அங்கிருந்து நன்றாகத் தெரியும், காற்றுதான் வராது.

இனி கட்டப்போகும் அலுவலகங்களிலாவது இந்த நிலை வேண்டாம் என்பதே என் கோரிக்கை.

ஏசியே கூடாது என்று சொல்ல வரவில்லை. சித்திரை வெயிலில், அதுவும் சென்னையின் ஈரப்பதத்தில், அது இல்லாமல் முடியாது. ஆனால் மார்கழி, தை மாதங்களில் பகல் வெப்பம் பொதுவாக 29, 30 டிகிரி அளவில்தான் இருக்கிறது. அப்போது ஜன்னலும் மின்விசிறியும் போதும். கோடையிலும் பல நாட்களில் நண்பகலுக்கு மேல் கடற்காற்று வீசுகிறது. ஜன்னல் திறக்கும் கட்டடத்தில் இருப்பவர்கள் சற்றுக் கூடுதல் வெப்பத்தையும் இயல்பாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதை 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பே கணக்கில் எடுத்திருக்கிறது.

உயரத்தில் ஜன்னலைத் திறந்தால் ஃபைல் பறக்கும், ஆள் விழுந்துவிடுவார் என்பார்கள். மேல்பக்கம் கீல் வைத்து, 10 சென்டிமீட்டருக்கு மேல் திறக்காதபடி தடுப்பும் வைத்தால் ஆள் விழ வழியில்லை, காற்றின் வேகமும் அடங்கும், சாரலும் அவ்வளவாக உள்ளே வராது. தீ, புகை தொடர்பான ஏற்பாடுகளை மட்டும் தீயணைப்புத் துறையின் ஒப்புதலோடு முடிவு செய்ய வேண்டும்.

உண்மையான சிக்கல் தளத்தின் அகலத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் நுழையும் காற்று மறுபக்கம் வெளியேற, அகலம் கூரை உயரத்தைப்போல 5 மடங்குக்குள் இருக்க வேண்டும் என்பது கட்டடக் கலைஞர்களின் நடைமுறைக் கணக்கு. அதாவது 3 மீட்டர் உயரக் கூரைக்கு 15 மீட்டர். இரட்டிப்பு அகலத்தில் தளத்தைப் போட்டு, நடுவில் லிஃப்டையும் கழிப்பறையையும் வைத்து, அதிகாரிகளின் அறைகளுக்குக் கூரைவரை தடுப்பும் எழுப்பிவிட்டால் எத்தனை ஜன்னல் வைத்தும் பயனில்லை. சூடான காற்று மேலேறிப் போய்விடும் என்று நம்பி நடுவில் உயரமான திறந்தவெளி விடுவதும் இங்கே பெரிதாக உதவாது. உள்ளுக்கும் வெளிக்கும் வெப்ப வேறுபாடு குறைவு என்பதால் இழுப்பும் குறைவுதான். குறுக்கே ஓடும் காற்றையே நம்ப வேண்டும். இதெல்லாம் வரைபட நிலையிலேயே முடிவாக வேண்டியவை. கட்டி முடித்த பின் சரிசெய்ய முடியாது.

ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் 1997இல் முடிந்த காமர்ஸ்பாங்க் கோபுரம் 56 மாடி. அங்கே ஊழியர்கள் ஜன்னலைத் திறக்கலாம். அது குளிர்நாடு, நமக்குப் பொருந்தாது என்றால், மலேசியாவின் பினாங்கில் 1998இல் கட்டப்பட்ட 21 மாடி மெனாரா அம்னோவைப் பார்க்கலாம். நம்மைப்போலவே வெக்கையும் ஈரமும் உள்ள ஊர். காற்றைப் பிடித்து உள்ளே திருப்பவே அங்கே பக்கச் சுவர்களை நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். ஏசியும் உண்டு.

ஆகவே, 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி உயர்மாடிக் கட்டடமாகும், அதாவது 18.30 மீட்டரைத் தாண்டும், புதிய அரசு அலுவலகங்கள் அனைத்திலும் திறக்கும் ஜன்னல்களும் குறுக்குக் காற்றுக்கு ஏற்ற தள அமைப்பும் கட்டாயம் என்று ஒரு சுற்றறிக்கை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அப்புறம், ஏற்கெனவே உள்ள கண்ணாடி முகப்புகளைப் பழுதுபார்க்கும்போது அறைக்கு ஒரு கண்ணாடியையாவது திறக்கும் ஜன்னலாக மாற்ற உத்தரவிடவும் வேண்டுகிறேன். இம்மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இடம்: சென்னை