விடுபட்ட பணிக்காலமும் நம் ஓய்வூதியமும்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, கோவை ஆலைகளில் உழைத்து ஓய்வு பெற்ற அண்ணன்மார்களே, அக்காமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. இவ்வாண்டு நம்மைப் பிரிந்த உறுப்பினர்களுக்குச் சற்றுமுன் அஞ்சலி செலுத்தினோம். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். வாழ்நாள் சான்றிதழ் முகாமில் விரல் ரேகை பதியாமல் பலர் தவித்தார்கள். நூலோடு போராடிய விரல்களில் ரேகை தேய்ந்துதான் இருக்கும். அவர்களுக்கு முகப்பதிவு முறையில், கைப்பேசியிலேயே சான்றிதழ் எடுத்துக் கொடுத்தோம். வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியர்கள் நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்த மாதம் கொடுத்தாலும் அன்றிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும்.

இவ்வாண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி விடுபட்ட பணிக்காலங்களைத் தேடுவதிலேயே சென்றது. அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

வருங்கால வைப்பு நிதியில் 1971 மார்ச் 1-இல் குடும்ப ஓய்வூதியத் திட்டம் வந்தது. 1995 நவம்பர் 16-இல் அதன் இடத்தில் இப்போதைய ஓய்வூதியத் திட்டம் வந்தது. வைப்பு நிதிக்கு முதலாளி செலுத்தும் பங்கிலிருந்து சம்பளத்தில் 8.33 சதவீதம் இதற்குப் போகிறது. பத்தாண்டுப் பணி இருந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. நம்மில் ஒரே ஆலையில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர்? ஒன்று மூடினால் அடுத்தது, அதுவும் மூடினால் இன்னொன்று என்று போனவர்கள்தான் அதிகம். ஆலைக்கு ஆலை தனிக் குறியீட்டு எண், அதன்கீழ் நமக்குத் தனிக் கணக்கு எண். எல்லாவற்றையும் இணைக்கும் ஒரே எண் 2014-இல்தான் வந்தது. அதற்குமுன் ஆலை மாறியபோது 13-ஆம் படிவம் கொடுத்துக் கணக்கை மாற்றாதவர்களுக்குப் பழைய பணிக்காலம் பழைய எண்ணிலேயே கிடக்கிறது. 58 வயதில் ஓய்வூதியம் கேட்டு 10டி படிவம் கொடுக்கும்போது கடைசி ஆலை மட்டும்தான் வைப்பு நிதி அலுவலகத்தின் கண்ணில் படுகிறது.

கணக்கு எளிது. 1995 நவம்பர் 16-க்குப் பிந்தைய பணிக்கு, ஓய்வூதியத்துக்கான சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் 6,500 ரூபாய் என்றால் ஓராண்டு விடுபடுவது மாதம் சுமார் 93 ரூபாய் இழப்பு, அதுவும் ஆயுள் முழுவதும். பத்தாண்டுக்குக் கீழே போய்விட்டாலோ மாத ஓய்வூதியமே இல்லை.

நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்த ஓர் அக்காவுக்கு அப்படித்தான் ஆயிற்று. கடைசி ஆலையில் எட்டாண்டும் சில மாதங்களும்தான் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. அதற்கு முன்பு வேறோர் ஆலையில் முதலில் பதிலியாகவும் பிறகு நிரந்தரமாகவும் இருந்தவர் அவர். வீட்டுத் தகரப்பெட்டியில் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு பழைய வைப்பு நிதிக் கணக்குச் சீட்டை எடுத்து வந்தார். ஓரத்தைச் செல்லரித்திருந்தது, ஆனால் ஆலையின் குறியீட்டு எண் முழுதாகத் தெரிந்தது. கூடவே தொழிலாளர் காப்பீட்டுக்கான ஓர் இ.எஸ்.ஐ. அட்டையும் இருந்தது. சீட்டில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவரின் இனிஷியல். அலுவலகத்துக்கு அவர்கள் இரண்டு வெவ்வேறு பெண்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு எழுதி, அந்தக் கணக்கு எண்ணுக்குரிய 9-ஆம் படிவப் பதிவையும் 3ஏ சந்தா அட்டைகளையும் நகலாகக் கேட்டோம். உறுப்பினர் சேர்ந்த நாள், தந்தை பெயர், பிறந்த தேதி எல்லாம் 9-ஆம் படிவத்தில் இருக்கும். 3ஏ அட்டையில் மாதாமாதம் கட்டிய தொகையும் சம்பளம் இல்லாத நாட்களும் இருக்கும். பெயர்த் திருத்தத்துக்கு முதலாளியும் சேர்ந்து கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழி வேண்டும். ஆலையே இல்லாதபோது யார் கையெழுத்திடுவது? மூடிய நிறுவனமென்றால் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் போன்றோரின் சான்றொப்பம் போதும் என்பதை எடுத்துச் சொல்லி, இ.எஸ்.ஐ. அட்டையையும் இணைத்தோம். இரண்டு பணிக்காலங்களும் சேர்ந்தன. நிலுவைத் தொகையோடு அவருக்கு ஓய்வூதியம் வந்துகொண்டிருக்கிறது. நம் சங்கத்துக்கு இதைவிட நிறைவான செய்தி இவ்வாண்டு இல்லை.

ஒரு விதியை எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும். முழு ஆண்டுகள் போக மீதி ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தால் அதுவும் ஒரு முழு ஆண்டாகவே கணக்கிடப்படும். ஒன்பதரை ஆண்டு என்பது பத்தாண்டுதான். சில மாதங்கள் குறைகின்றன என்று யார் சொன்னாலும் அங்கேயே திரும்பி வந்துவிடாதீர்கள்.

இன்னும் முடியாத மனுக்களில் பெரும்பாலானவை, மூடுவதற்கு முந்தைய சில ஆண்டுகள் ஆலை சந்தா கட்டாமல் விட்டவை. திட்டத்தின் விதி, வந்த சந்தாவை மட்டுமல்ல, வரவேண்டிய சந்தாவுக்குரிய பணியையும் ஓய்வூதியப் பணியாகவே கொள்கிறது. பாக்கியை வைப்பு நிதிச் சட்டத்தின் 7ஏ பிரிவின்கீழ் விசாரித்து வசூலிப்பது அலுவலகத்தின் கடமை. அந்தப் பாக்கிக்காக வேலை செய்தவரைத் தண்டிப்பது எந்த நியாயம்? ஒவ்வொரு மனுவிலும் இதை அழுத்தி எழுதியிருக்கிறோம். கலைக்கப்பட்ட ஆலையின் பதிவேடுகளுக்காக உயர்நீதிமன்றத்தைச் சார்ந்த அதிகாரபூர்வக் கலைப்பாளருக்கும் எழுதியிருக்கிறோம்.

எங்களால் ஒன்றும் செய்ய முடியாதவர்களும் இருக்கிறார்கள். ஆலை மூடிய நேரத்தில் கட்டாக நீட்டப்பட்ட தாள்களில், பி.எஃப். பணத்துக்கான 19-ஆம் படிவத்தோடு 10சி-யிலும் கையெழுத்திட்டு, ஓய்வூதியத்துக்கு ஈடாகச் சிறு தொகை பெற்றுக்கொண்டவர்கள். அந்தப் பணிக்காலம் அத்தோடு முடிந்துவிட்டது. இதை முகத்துக்கு நேரே சொல்வதுதான் இந்தப் பொறுப்பில் மிகக் கடினமான வேலை. வேலையில் இருக்கும் உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: பத்தாண்டு ஆகாமல் வேலை மாறினால் 10சி-யில் பணம் கேட்காமல் திட்டச் சான்றிதழ் கேட்கட்டும். அடுத்த வேலையில் அந்த ஆண்டுகள் சேரும்.

சீட்டு எதுவும் இல்லை என்று வராமல் இருந்துவிடாதீர்கள். டோக்கன் அட்டை, சம்பளச் சிட்டை, பணிக்கொடைக் கணக்கு, தொழிலாளர் நீதிமன்றத் தீர்ப்பு, பெயர்ப் பட்டியலோடு கூடிய 12(3) ஒப்பந்த (சமரச அலுவலர் முன் நிர்வாகமும் தொழிற்சங்கமும் செய்த உடன்பாடு) நகல் என எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். உங்களோடு அதே துறையில் வேலை பார்த்தவரின் சீட்டிலிருந்தும் ஆலையின் குறியீட்டு எண் கிடைத்துவிடும். டைம் ஆபீசில் எழுத்தராக இருந்த நம் மூத்த உறுப்பினர், பழைய எண்களையும் படிவங்களையும் படித்துச் சொல்லி ஆண்டு முழுவதும் உதவினார். அவருக்கு இந்தச் சபையின் சார்பில் நன்றி.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்களை வைக்கிறேன். மூடிய ஆலைகளின் 9-ஆம் படிவங்களைக் கணினியில் ஏற்றி உறுப்பினர்கள் பார்க்கும்படி செய்ய வேண்டும். 2014 செப்டம்பர் முதல் 1,000 ரூபாயாகவே நிற்கும் குறைந்தபட்ச ஓய்வூதியத்தை உயர்த்த வேண்டும். மனுக்களுக்கான நகல், தபால் செலவைச் சங்க நிதியிலிருந்து ஏற்க வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்