முதலில் கை விட்டுப் பார்க்கட்டும், ஊசி அப்புறம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாடுகளை ஊசி மூலம் குறித்த நாளில் பருவத்துக்குக் கொண்டுவருவது பற்றி சென்ற வாரம் உங்கள் விவசாயப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் வாழப்பாடி பக்கம் நாலு கறவை மாடு வைத்திருப்பவன். கட்டுரையில் சொன்னது எதுவும் தப்பில்லை. ஆனால் அதில் சொல்லாமல் விட்ட ஒன்றால்தான் போன வருஷம் என் கட்டுத்தரையில் ஒரு கன்று போனது. அதனால் எழுதுகிறேன்.

அது ஜெர்சி கலப்பு மாடு, இரண்டு ஈத்து கண்டது. சினை ஊசி, அதாவது செயற்கைக் கருவூட்டல், போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் ராத்திரி கத்தியது, வாலடியில் கொஞ்சம் வழும்பும் தெரிந்தது. சினை நிற்கவில்லை போல என்று நானே முடிவு கட்டிவிட்டேன். சினை மாட்டிலும் சில நேரம் பருவ அறிகுறி தெரியும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஊசி போட வந்தவர் சினை இருக்கிறதா என்று கை விட்டுப் பார்க்கவில்லை, பாருங்கள் என்று நானும் கேட்கவில்லை. "பருவத்துக்கு வர ஒரு ஊசி போடறேன், மூணு நாள்ல கத்தும்" என்றார், போட்டார். நாலாம் நாள் விடியக்காலம் பால் கறக்கப் போன என் மனைவி போட்ட சத்தத்தில் ஓடினேன். சாணத்தோரம் ஈரச் சவ்வுக்குள் உள்ளங்கை நீளத்துக்குக் கன்று கிடந்தது. குளம்பெல்லாம் கூட உருவாகியிருந்தது.

அப்புறம்தான் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டேன். அந்த ஊசி புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோன் மருந்து. முட்டை வெளியான இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டி உருவாகிறது. அது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கும்வரை மாடு பருவத்துக்கு வராது. ஊசி அந்தக் கட்டியைக் கரைக்கும், இரண்டிலிருந்து ஐந்து நாளுக்குள் மாடு பருவத்துக்கு வரும். சினையாக இருக்கிற மாட்டில் கருவைத் தாங்கிக்கொண்டிருப்பதும் இதே கட்டிதான். அதைக் கரைத்தால் கன்று எங்கே நிற்கும்?

கட்டியே இல்லாத மாட்டுக்கு இந்த ஊசி வேலையும் செய்யாது. நம் மாவட்டத்தில் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மிஞ்சும் மரவள்ளித் திப்பியை மலிவாகக் கிடைக்கிறதென்று வாளி வாளியாகக் கொட்டுகிறோம். அதில் மாவுச்சத்து உண்டு, புரதமும் தாது உப்பும் மிகக் குறைவு. பசுந்தீவனம், பிண்ணாக்கு, தாது உப்புக் கலவை எதுவும் இல்லாமல் எலும்பு தெரிய நிற்கிற மாட்டில் பெரும்பாலும் முட்டை வெளியாகாது, அந்தக் கட்டியும் உருவாகாது; அதற்கு எத்தனை ஊசி போட்டாலும் காசுதான் போகும்.

நான் ஊசிக்கு எதிரி இல்லை. மாடு 21 நாளுக்கு ஒருமுறைதான் பருவத்துக்கு வருகிறது, அதுவும் 12 முதல் 18 மணி நேரம்தான். காலையில் தெரிந்தால் சாயந்திரம், சாயந்திரம் தெரிந்தால் மறுநாள் காலை சினை ஊசி போட வேண்டும். விசைத்தறியில் ஷிப்டு பார்த்துவிட்டு வருகிறவர் நடுராத்திரியில் எந்த மாடு கத்தியது என்று எப்படிப் பார்ப்பார்? ஏற்காட்டு மலையில் இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே மாடு வைத்திருப்பவர் கூப்பிட்ட நேரத்துக்கு யார் வருவார்கள்? பத்து மாட்டை ஒரே நாளுக்குக் கொண்டுவந்தால் ஒரே பயணத்தில் வேலை முடியும். இந்த ஊசி முறை முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அந்த மலைக் கிராமங்கள்தான் என்பது என் எண்ணம்.

என்னுடைய இன்னொரு மாடு ஈன்று ஐந்து மாதமாகியும் பருவத்துக்கே வரவில்லை. இந்த முறை மருத்துவரே கை விட்டுப் பார்த்து, சினை இல்லை என்று உறுதி செய்தார். அதன்பிறகு ஆங்கில டி (T) எழுத்து மாதிரி இருக்கும், புரோஜெஸ்டிரோனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடும் சிலிகான் கருவி ஒன்றைப் பிறப்புறுப்புக்குள் வைத்தார். வால் மாதிரி ஒரு நூல் மட்டும் வெளியே தெரியும். பக்கத்து மாடு அதை நக்கி இழுத்துவிடும் என்று தனியாகக் கட்டச் சொன்னார். ஏழாம் நாள் கருவியை எடுத்துவிட்டு ஊசி போட்டார். மூன்றாம் நாள் காலையில் வழும்பு கண்ணாடி மாதிரி தொங்கியது, சாயந்திரம் சினை ஊசி. இப்போது ஐந்து மாதச் சினை. எல்லா மாட்டுக்கும் முதல் தடவையிலேயே பிடிக்காது என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார், அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

இன்னொன்றையும் நீங்கள் எழுத வேண்டும். ஊசி போடும்போது நம் வீடுகளில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது பெரும்பாலும் பெண்கள்தான். புரோஸ்டாகிளாண்டின் மருந்து தோல் வழியாகவே உடம்பில் ஏறும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அதைத் தொடவே கூடாது. மருந்து தெறித்தால் உடனே சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். எங்கள் தெருவில் கேட்டுப் பார்த்தேன், இது யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த முறை இதைப் பற்றிக் கட்டுரை போடும்போது, சினை இல்லை என்று பரிசோதித்த பிறகே ஊசி என்ற வரியைப் பெட்டி கட்டிப் பெரிய எழுத்தில் போடுங்கள். என்ன ஊசி, எந்தத் தேதி என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எனக்குப் போட்டுப் போனவர் ஒரு துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை.

இப்படிக்கு,
ஒரு கறவை மாட்டு விவசாயி,
வாழப்பாடி, சேலம் மாவட்டம்